கூரை வைத்த கருத்துப் பெட்டி

பெட்டியின் முன்னால் யாரோ ஒரு புட்டி சிவப்பு சர்பத் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து, குடிக்கிறவருக்குச் சிரமம் இருக்கக்கூடாதென்று ஸ்ட்ரா வேறு போட்டிருந்தார்கள்.

நகராட்சி ஊழியன் தவின் அதை வெறித்துப் பார்த்தான். நேற்று மாலைதான் நோங் பிகுன் ஏரிக்கரையில் அந்தப் பெட்டியை நட்டுவிட்டுப் போயிருந்தான். ஏரியையும் பூங்காவையும் எப்படிச் சீரமைக்கலாம் என்று மக்கள் சீட்டில் எழுதிப் போட வேண்டிய கருத்துப் பெட்டி. விடிவதற்குள் அதற்குச் சாமந்தி மாலை, ஊதுபத்தி, சர்பத்.

"யார் வெச்சதுக்கா இது?" என்று கேட்டான்.

ஏரிக்கரையைப் பெருக்கிக்கொண்டிருந்த சம்ருவாய் அக்கா நிமிராமலே, "காலையிலேயே இருந்துச்சு தம்பி. ஐஸ் கூட அப்ப உருகல" என்றாள்.

தப்பு தவினுடையதுதான். மழையில் சீட்டு நனையக்கூடாது, பெட்டிக்கு ஒரு கூரை வேண்டும் என்று நினைத்தான். நல்ல நினைப்பு. ஆனால் அதைச் செய்யத் தச்சனைத் தேடி அலைய சோம்பல்பட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் காவல் தெய்வத்துக்கு வீடு செய்து விற்கிறவனிடம் போனான். அங்கே விளிம்பு உடைந்த வீடு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. ஒற்றைக் கால், சிவப்புச் சாயம், பொன் ஓரம் வைத்த கூரை. சுவரில் சீட்டுப் போட ஒரு துளை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நம் ஊரில் அப்படி ஒன்று மரத்தடியில் நின்றால் கும்பிடாமல் போக யாருக்கு மனசு வரும்? இவன் அம்மாவே கும்பிட்டிருப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு கருத்து வந்தாக வேண்டும். வராவிட்டால் சீரமைப்புப் பணம் வேறு ஏரிக்குப் போய்விடும். இயக்குநர் ஜின்தனா மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"முந்நூறுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் சரி, திங்கட்கிழமை நீங்க நாய் பிடிக்கிற பிரிவுல இருப்பீங்க."

தவினை வாழ்க்கையில் இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. குட்டி நாய் வாலாட்டினாலே எதிர் நடைபாதைக்குப் போகிறவன்.

அதனால் உடனே ஒரு பலகை எழுதி மாட்டினான். 'இது நகராட்சிக் கருத்துப் பெட்டி. தெய்வ வீடு அல்ல. ஏரி பற்றிய கருத்துகளை மட்டும் போடவும்.' கொட்டை எழுத்து. சந்தேகம் கேட்க அடியில் தன் தொலைபேசி எண். கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு.

செவ்வாய்க்கிழமை லாட்டரிக் குலுக்கல். கடைசி இரண்டு இலக்கப் பரிசு நாற்பத்தேழு!

புதன்கிழமை காலையில் அவனால் பெட்டியிடம் போகவே முடியவில்லை. வரிசை படகுத்துறை வரைக்கும் நின்றது. பலகையின் மேல் மாவைத் தடவி, அடுத்த குலுக்கலுக்கு எண் தெரிகிறதா என்று ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு விழுந்தவர்கள் ஊர் வழக்கப்படி வேண்டுதல் தீர்க்க வரிக்குதிரைப் பொம்மைகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் கூலிக்கு அமர்த்திய நாட்டியக் குழு, தலையில் கிரீடத்தோடு பெட்டிக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! இது ஆபீஸ் பெட்டிங்க!" என்று கத்தினான் தவின்.

"சத்தம் போடாதீங்க, தாளம் தப்புது" என்றாள் ஆடிக்கொண்டிருந்தவள்.

கூரை இருப்பதால்தானே இத்தனை கூத்து? கூரையைக் கழற்றிவிட்டால் வெறும் பெட்டிதானே? தவின் உளியோடு போய்க் கூரையில் கை வைத்தான். கூட்டம் "ஐயோ, வேணாங்க!" என்றது. கீழே வழிந்திருந்த சர்பத்தை நக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாயை அவன் கவனிக்கவில்லை. ஒரு காலை எடுத்து அதன் வாலில் வைத்தான்.

மூன்றாவது கடி. கெண்டைக்காலில்.

"பார்த்தியா! கூரையில கை வெச்ச உடனே!" என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊசி போட்டுக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது வரிசை இரண்டு மடங்காகியிருந்தது. அந்த நாயின் கழுத்திலும் ஒரு மாலை. கூரை கழற்றப்படவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வியாழக்கிழமை வேறு வழி பார்த்தான். ஒரு மடக்கு மேசை, நாற்காலி, ஒரு கட்டுச் சீட்டு. நேராக ஆளைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டியதுதான். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அன்றைக்குப் பார்த்து, சாமி இறங்குகிறவர்கள் உடுத்துவதுபோல வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. மற்றதெல்லாம் துவைக்கப் போட்டிருந்தான்.

முதலில் வந்த மீன் உருண்டை வியாபாரி தரையில் மண்டியிட்டார்.

"எழுந்திருங்கண்ணே. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்ல? உள்ள வந்திருக்கிற சாமிக்குத் தெரியாததா?"

"என் உள்ள யாரும் வரல! நான் நகராட்சி ஆள்!"

"முதல்ல எல்லாச் சாமியும் அப்படித்தான் சொல்லும்" என்றார் பின்னால் நின்ற ஹெட்மாஸ்டர்.

தவினுக்கு ஊதுபத்திப் புகையில் தும்மல் வந்தது. இரண்டு முறை. வரிசை முழுக்க அவசரமாக உள்ளங்கையில் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டது. அழாத குறையாக, "எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள முந்நூறு வேணும், புரியுதா? முந்நூறு!" என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். மதியம் வாக்கில் ஊரில் முந்நூறு என்று முடியும் லாட்டரிச் சீட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

மாலையில் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மூட்டையாகக் கட்டி அலுவலகத்துக்குத் தூக்கி வந்தான். டைப் அடிக்கும் துக்தா எண்ணிப் பார்த்தாள்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது! பொழைச்சீங்கண்ணே! எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணை எடுத்துப் படி."

துக்தா படித்தாள். "ஓடிப்போன என் புருஷன் திரும்பி வரணும்."

"இன்னொண்ணு."

"என் மாமியார் வாயை மூடணும்."

"போதுமா? ஆயிரத்து நூத்தி நாப்பதும் இதே லட்சணம்தான். ஏரின்னு ஒரு வார்த்தை இல்ல. நாளைக்கு மேடம் கேட்டா நான் என்னன்னு சொல்றது? மாமியார் வாயை நகராட்சி மூடுமா?"

துக்தா பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். கெட்டிக்காரி.

"ஏன் மூடாது? 'ஏரியில் கழிவுநீர் விடும் கால்வாயின் வாய் மூடப்பட வேண்டும்.' எப்படி?"

தவின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தப் புருஷன்?"

"'ஓட்டப்பாதை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருமாறு அமைக்கப்பட வேண்டும்.'"

அப்புறம் இருவருக்கும் கை நிற்கவில்லை. மகளுக்கு வரன் கேட்டவர்கள் எல்லாரும் இருவர் உட்காரும் பெஞ்சு கேட்டவர்களாக மாறினார்கள். லாட்டரி எண் கேட்டவர்கள் மரங்களுக்கு எண் பலகை கேட்டார்கள். பட்டினி கிடக்காமல் தொப்பை குறைய வேண்டும் என்றவருக்கு உடற்பயிற்சிக் கருவி. பக்கத்து வீட்டுக்காரன் கார் நாசமாகப் போகவேண்டும் என்றவர், ஏரிக்கரையில் வாகனங்களைத் தடை செய்யச் சொன்னார்.

"'என் தலைக்கு மேல உக்காந்திருக்கிற பொம்பளை சீக்கிரம் தொலையணும்.' இதுக்கு?" என்று கேட்ட தவின், சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தான். "இந்தக் கையெழுத்து எங்கேயோ பார்த்திருக்கேனே. துக்தா, இது நீ..."

"'மேட்டின் மேலுள்ள பழைய பம்பு அறை அகற்றப்பட வேண்டும்.' எழுதுங்கண்ணே, நேரமாகுது" என்றாள் துக்தா, தலையைத் தூக்காமல்.

வெள்ளிக்கிழமை காலை, ஏரிக்கரை மண்டபத்தில் பொதுக்கூட்டம். ஜின்தனா மேடம் நடுவில். எதிரே நானூறு பேர். மற்ற ஏரிக் கூட்டங்களுக்கு ஏழு பேர்தான் வந்தார்களாம், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மேடத்துக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"படிங்க" என்றார்.

தவின் எழுந்தான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'நான் எழுதினது இது இல்லையே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாய் வண்டி வாசலில் வந்து நிற்கும்.

"ஓட்டப்பாதை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருமாறு அமைக்கப்பட வேண்டும்."

முதல் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள். "சாது!" என்றாள், பிக்கு ஆசி சொல்லி முடித்ததும் 'அப்படியே ஆகட்டும்' என்ற பொருளில் கோயிலில் சொல்வோமே, அதேபோல.

"சாது!" என்றது நானூறு பேரும்.

"கால்வாயின் வாய் மூடப்பட வேண்டும்."

"சாது!" இந்த முறை பெண்கள் பக்கத்தில் சத்தம் பலமாக இருந்தது.

"மேட்டின் மேலுள்ள பழைய பம்பு அறை சீக்கிரம் அகற்றப்பட வேண்டும்."

"சாது!" என்று துக்தா தனியாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

ஜின்தனா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு கால்வாய்க்காக இவ்வளவு உருக்கமா கை கூப்பற ஜனங்களை நான் பார்த்ததே இல்ல" என்றார். பிறகு திட்டத்தின் பக்கங்களைப் புரட்டினார். புரட்டியவர் நின்றார்.

"தவின், எல்லாம் சரி. இவ்வளவு பெரிய ஏரி, அஞ்சு கிலோமீட்டர் சுத்து. ஒரு கழிப்பறை கூட இல்லையே. யாருமே கேக்கலையா?"

மாமியார், மாப்பிள்ளை, தொப்பை எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்ததே, இது தோன்றவில்லையே பாவி என்று தவின் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டான்.

"இல்ல மேடம். ஒருத்தரும் கேக்கல."

"கேக்கலைன்னா தேவைப்படலைன்னு அர்த்தம். மக்கள் சொல்லாததை நாம திணிக்கக்கூடாது." படிவத்தில் காலியாக இருந்த கழிப்பறை என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நாய் பிரிவுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க இங்கேயே இருங்க."

கூட்டம் கலைந்து சோற்றுப் பொட்டலத்தோடு போய்விட்டது. தவினுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சம்ருவாய் அக்கா துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, வெயிலில் வேகுவேகென்று போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கேக்கா இவ்வளவு அவசரமா?"

"பெட்ரோல் பங்குக்கு. அங்கேதானே தம்பி கழிப்பறை இருக்கு. போக அரை மணி, வர அரை மணி."

தவினும் கூடவே நொண்டிக்கொண்டு நடந்தான்.

"பாருங்கக்கா, என்ன ஜனங்க இது! பலகையில கொட்டை எழுத்துல எழுதி வெச்சேன். அது ஆபீஸ் பெட்டி, சாமி வீடு இல்லைன்னு கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் புரியலையே!"

"ஏன் புரியாம? எங்களுக்கு என்ன படிக்கத் தெரியாதா? ஆபீஸ் பெட்டின்னு முதல் நாளே தெரியும்."

தவின் நின்றுவிட்டான். "தெரியுமா? அப்புறம் எதுக்கு மாலை, சர்பத்தெல்லாம்?"

"ஆபீஸ்ல ஒரு காரியம் ஆகணும்னா வெறுங்கையோடவா வருவாங்க?"

"சரிக்கா, ஆபீஸ்னு தெரிஞ்சா கழிப்பறை வேணும்னு ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கலாமே! அதை விட்டுட்டு லாட்டரி, புருஷன், மாமியார்..."

சம்ருவாய் அக்கா நடையை நிறுத்தாமல் சொன்னாள்: "கழிப்பறை கேட்டு உங்க ஆபீஸுக்குப் பத்தொன்பது வருஷமா எழுதியாச்சு தம்பி. அதான் இந்தத் தடவை, நடக்கிற காரியமாப் பார்த்துக் கேட்டோம்."