நலம்புரியின் பன்னிரண்டு கதிர்க்கோபுரங்கள்

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் வரைபடத்தில் அகப்படாத நலம்புரி என்னும் நாட்டில், மன்னர் ஒரு கதிர்க்கோபுரம் கட்டினார். உடம்புக்குள் வளரும் கட்டிகளைக் கரைக்கும் கதிர் அது. பக்கத்து நாடுகளின் கதிர்கள் ஒருபுறம் நுழைந்து, வழியில் இருப்பதையெல்லாம் சுட்டுவிட்டு, மறுபுறம் வெளியேறும். இந்தக் கதிரோ உள்ளே போய், நிற்கவேண்டிய இடத்தில் நின்று, அங்கே மட்டும் தன் வேலையைக் காட்டிவிட்டு அடங்கிவிடும். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த ஒன்றை நலம்புரி அரசாங்கம் உண்டாக்கியது அதுவே முதல்முறை. சிகிச்சையும் இலவசம். இதற்கு நன்றி சொல்லாதவன் மனுஷனே இல்லை. நானும் சொல்லிக்கொள்கிறேன்.

கோபுரம் வந்ததும் அதை ஆள எண் அமைச்சகம் வந்தது. அமைச்சர் மாண்புமிகு திருமேனிநாதர் முதல் ஆணையைப் பிறப்பித்தார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண். எண் இல்லாமல் கதிர் இல்லை. ஒவ்வொரு எண்ணிலும் எளியது, நடுத்தரம், சிக்கல் என்று மூன்று படிகள். சிக்கல் என்று யாராவது கேட்டால் ஒரு குழு கூடும். அந்தக் குழுவை எப்போது கூட்டலாம் என்று முடிவு செய்ய இன்னொரு குழு கூடும். நோயாளிகள் சிரமப்படக் கூடாதென்று விண்ணப்பத்தின் அடியில் ‘மிக்க நன்றி’ என்பதை அமைச்சகமே அச்சடித்துக் கொடுத்தது.

அந்த நாட்டின் ஆற்றில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தவர் செங்கோடன். அவருடைய இடக்கண்ணுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. இருபத்தெட்டு நாள், நாளுக்கு ஒருமுறை, விடாமல் கதிர் பாய்ச்சினால் கண் பிழைக்கும் என்றார் கோபுரத்து மருத்துவர். கண் போனால் பரிசலும் போனதுதான். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடாது. பரிசலில் பத்து உயிர் உட்கார்ந்திருக்கும். அவர் மனைவி தையல்நாயகி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு அமைச்சரிடம் போனாள்.

அமைச்சர் எண் புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார்.

“கண் நோய், எண் எழுபத்தேழு. மூளை நோய், எண் எழுபத்தெட்டு. தங்கள் கணவரின் கட்டி இரண்டுக்கும் நடுவே குடியிருக்கிறது. நடுவுக்கு எண் இல்லை.”

“அதுக்கு நாங்க என்னங்க பண்றது?”

“கட்டி சற்று முன்னே வரவேண்டும், அல்லது பின்னே போகவேண்டும். மூன்று மாதத்தில் அது கண்ணைத் தொட்டுவிடும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அன்று தங்கள் கணவர் முழுத் தகுதி பெறுவார். முன்கூட்டியே வாழ்த்துகள்.”

“கண்ணே போனப்புறம் கண்ணுக்கு வைத்தியமாங்க?”

“விதிப்படி, அம்மா.”

இப்படிப்பட்ட வீண் அலைச்சல் இனி எந்தக் குடிமகனுக்கும் நேரக் கூடாதென்று மனம் இரங்கி, அமைச்சர் இரண்டாம் ஆணையைப் பிறப்பித்தார். எண் இல்லாத நோய் நோயே அல்ல. மறுவாரம் செங்கோடனுக்கு முழு ஆரோக்கியச் சான்றிதழ் வீடு தேடி வந்தது. இடக்கண் மங்கிவிட்டிருந்ததால் அவர் அதை வலக்கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

தையல்நாயகி சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க அமைச்சகத்துக்கு ஓடினாள். ஜன்னலில் பூவராகன் என்ற கடைநிலை எழுத்தர் இருந்தார். எண் புத்தகத்தைத் தூசி தட்டுவது அவர் வேலை. தூசி தட்டிய கையோடு படித்தும் வைத்திருந்தார். நாட்டிலேயே அதை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, இதுல முதல் எண்ணை யாரும் கவனிக்கிறதே இல்லை. எண் ஒன்று, திறப்பு விழா. முன் அனுமதி வேண்டாம், குழு வேண்டாம். அமைச்சர் முன்னாடி கதிரை ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். நாற்காலியில ஒரு ஆள் உட்காரணும். அவ்வளவுதான்.”

“கோபுரத்தைத்தான் எப்பவோ திறந்தாச்சே அண்ணா?”

“அப்ப கல்வெட்டு வைக்க மறந்துட்டாங்க. திறந்ததைத் திரும்பத் திறக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையேம்மா.”

மறுநாள் காலை கோபுரத்துக்குத் தோரணம் கட்டினார்கள். மேளம் கொட்டியது. திருமேனிநாதர் ரிப்பன் வெட்டி, ஒரு மணி நேரம் பேசினார். அந்த நேரத்தில் மருத்துவர் செங்கோடனின் தலையை அசையாமல் பொருத்தி, கதிரை மயிரிழை பிசகாமல் மொச்சைக்கொட்டையின் மேல் நிறுத்தினார். அடுத்த நாள் வேறு நிறத் தோரணம், வேறு தெரு வழியாக ஊர்வலம், இன்னொரு திறப்பு விழா, இன்னொரு கல்வெட்டு. அழைத்த எந்த விழாவுக்கும் அமைச்சர் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. வந்ததும் கல்வெட்டில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கட்டி மெல்லக் கரையத் தொடங்கியது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மன்னர் கல்வெட்டுகளை எண்ணிப் பார்த்தார். என் நாட்டில் பன்னிரண்டு கோபுரங்களா என்று பூரித்துப்போனார். அமைச்சர் மறுக்கவில்லை. மூன்றாம் ஆணை அன்றே வந்தது. பன்னிரண்டு கோபுரங்கள் போதும். இனித் திறப்பு விழா கிடையாது. நாளை நாடு தழுவிய நன்றித் திருவிழா.

செங்கோடனுக்கு இன்னும் பதினாறு நாள் பாக்கி. நடுவில் விட்டால் கரைந்தது மறுபடி வளர்ந்துவிடும் என்றார் மருத்துவர். தையல்நாயகி அன்று சாப்பிடவில்லை.

திருவிழாவில் செங்கோடனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு கோபுரங்களிலும் பயன்பெற்ற ஒரே குடிமகன் அவர்தானே! மன்னர் பார்த்திருக்க, திருமேனிநாதர் அவரை மேடைக்கு அழைத்தார்.

“நன்றியுள்ள குடிமகனே! நிமிர்ந்து பார். எத்தனை கோபுரங்கள் தெரிகின்றன?”

கூடவே ஏறிய தையல்நாயகி அவர் கையைக் கிள்ளினாள். “பன்னெண்டுன்னு சொல்லித் தொலைங்க. ராசா மனசு குளிர்ந்தா மிச்ச நாளைக் கேட்டுப் பார்க்கலாம்.”

செங்கோடன் இருபது வருஷம் பரிசல் ஓட்டியவர். ஆற்றில் இல்லாததை இருக்கிறதென்றும் இருப்பதை இல்லையென்றும் சொல்லிப் பழகியவர் அல்ல. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஒன்னுதாங்க தெரியுது.”

மேளம் நின்றது. மன்னர் அமைச்சர் பக்கம் திரும்பினார். அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒன்று, பதினொரு கோபுரங்கள் இல்லை. அல்லது இந்த ஆளின் கண் சரியில்லை. இதில் எது உண்மை என்று தீர்மானிக்க நலம்புரி அரசாங்கத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“மன்னா! பன்னிரண்டில் பதினொன்று தெரியவில்லை! ஐயமே இல்லை, இது கண் நோய்! எண் எழுபத்தேழு! சிக்கல்!”

“குழுவெல்லாம் வேண்டாம். இன்றே தொடங்குங்கள்,” என்றார் மன்னர்.

பாக்கிப் பதினாறு நாளும் ஒரு நாள் தவறாமல் நடந்தன. காகிதத்தில் கண் என்றிருந்தாலும், மருத்துவர் கதிரை நிற்கவேண்டிய இடத்தில்தான் நிறுத்தினார். கடைசி நாள், நோயாளி குணமானதைச் சோதித்து எழுதப் பூவராகன் வந்தார்.

“எத்தனை கோபுரம் தெரியுது?”

செங்கோடன் இரண்டு கண்களாலும் பார்த்தார். கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த புறாவின் கழுத்து நிறம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

“பன்னெண்டுங்க.”

தையல்நாயகி சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். பூவராகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “உங்களை எந்த சென்மத்துலயும் மறக்க மாட்டோம்ண்ணா,” என்றாள். அது அமைச்சகம் அச்சடித்துக் கொடுத்த நன்றி அல்ல.

அதன் பிறகு புத்தகத்தில் எண் இல்லாத ஈரல் கட்டிக்காரர்களும் எலும்புக் கட்டிக்காரர்களும் பூவராகனின் ஜன்னலுக்கு வந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, “ஒன்னுதாங்க தெரியுது” என்றார்கள். எல்லாருக்கும் கேள்வியில்லாமல் எழுபத்தேழு கிடைத்தது. பலர் பிழைத்து, இன்றும் மன்னரை வாயார வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

நலம்புரியில் நலமாக இருப்பவர்கள் எல்லாருக்கும் பன்னிரண்டு கோபுரங்கள் தெரிகின்றன. உயிருக்கு ஆபத்து என்று வந்தவர்களுக்கு மட்டும்தான் ஒன்று தெரிகிறது.