வின்னிபெக் அலைவரிசைப் போரும் எஸ்தோனிய அரைமணி நேரமும்

வாழ்க குர்தேஜ் சிங் பாந்தர். மைனஸ் முப்பதில் தாடி உறைந்தும் தளராத திண்தோளன், டாக்சியெனும் வெண்பரி ஊர்ந்து கனடாவின் வின்னிபெக் மாநகரின் வழுக்குவீதி யாவையும் வென்றவன், மனைவியின் முறைப்பையும் பொருட்படுத்தாது வீட்டுக் கீழ்த்தளத்தில் மைக் நட்டு ஓயாது முழங்கும் வெண்கலக் குரலோன், அவன் வீரத்தை இனிப் பாடுவோம். கேட்போர் காப்பியை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேட்கலாம்.

அந்நகரின் வான்வெளியில் ஒரே ஓர் அலைவரிசை, அரசனில்லா அரியணைபோல் காலியாகக் கிடந்தது. குடியேறி வந்த மக்களின் வானொலிக்கே அது உரியது, அதிலும் இருபது மொழிகளில் பேச ஆள் காட்டுவோர்க்கே உரியது என உரிம ஆணையம் முரசறைய, குர்தேஜ் கிளர்ந்தெழுந்தான். எதிர்முனையில் எழுந்தாள் லிகாயா டிமாகுலங்கன், பிலிப்பைன்ஸ் தந்த பெரும்புயல், மாதாகோயில் பாடற்குழுவின் தானைத்தலைவி, ஒரு தட்டு நூடுல்ஸால் ஒரு தெருவையே தன்வசமாக்க வல்லாள்.

பஞ்சாபி, தகலோக், சோமாலி, உக்ரேனியம் எனக் குலங்குலமாய்ப் படை திரண்டது. தமிழ்ப்படைக்கு எளியேனை நாடி வந்த குர்தேஜின் கையில் சமோசா இருந்தது. என்னளவில் போர் அங்கேயே முடிந்தது. லிகாயா என் மைத்துனரை மடக்கினாள். எங்கள் வீட்டில் பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இருவரும் பத்தொன்பதில் நின்றனர். இருபதாம் மொழிக்கு அகப்பட்டவள் ஒருத்தியே: ஹில்யா காஸ்க், எஸ்தோனிய நாட்டாள், மாநகராட்சியின் பனிவாரும் வண்டியை முப்பது குளிர்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற இரும்புக்கரத்தாள். அவளுடைய எட்டாம் மாடிக் கோட்டையை இரு வேந்தரும் முறைவைத்து முற்றுகையிட்டனர்.

"ஆன்ட்டிஜி, அந்தம்மா டப்பால என்ன கொண்டாருதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் அதுக்கு மேல கொண்டாரேன்."

"நீ குடுத்த லட்டுல என் பல்லே ஆடிப்போச்சு, குர்தேஜ். பரவால்ல, வெச்சுட்டுப் போ."

வாரந்தோறும் அரைமணி எஸ்தோனியத்தில் பேசுவதாக எழுதிய கடிதத்தில் ஹில்யாவின் கையெழுத்துக் கிட்டியது. பகை வீழ்ந்ததென்று குர்தேஜ் கீழ்த்தளத்தில் பாங்ரா ஆடினான். அதே மாலையில், அதே காரணத்துக்காக, லிகாயாவின் வீட்டில் கரோக்கே முழங்கிற்று.

விசாரணை நாள் வந்தது. ஓட்டல் மண்டபத்தில் இரு சேனையும் அணிவகுக்க, ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இரண்டு கடிதங்களை அருகருகே வைத்தார். இரண்டிலும் வியாழன் காலை பதினொரு மணி. இரண்டிலும் எஸ்தோனியம். இரண்டிலும் ஹில்யா காஸ்க். ஊழிக்காற்றில் இரு மலைகள் மோதியதுபோல் எழுந்தனர் இருவரும்.

"மூணு டப்பா லட்டு, ஆன்ட்டிஜி," என்று கர்ஜித்தான் குர்தேஜ்.

"லட்டைச் சொல்லிக் காட்டுறீங்களா பாஜி? லிஃப்ட் ஓடாத அன்னிக்கு எட்டு மாடி ஏறி நூடுல்ஸ் குடுத்தவ நான்," என்று, அண்ணனெனப் பஞ்சாபியில் விளித்தே இடித்தாள் லிகாயா.

ஹில்யா நிதானமாக எழுந்தாள். "யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரர் முதியோர் இல்லத்துல இருக்காரு. இங்கிலீஷ் மொத்தமா மறந்துபோச்சு, எங்க பாஷை மட்டுந்தான் மிச்சம். நான் பேசினா, யாரோ பொம்பளைன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ரேடியோ சொன்னா மட்டும் நம்புறாரு. நாள் முழுக்கத் திருகிட்டே இருக்காரு, வர்றது ஒண்ணும் அவருக்குப் புரியல. அதான் ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஆளை ரெண்டு கணக்குல எழுத முடியாதும்மா. ரெண்டு மனுவும் தள்ளுபடி. அடுத்த அழைப்பு மூணு வருஷம் கழிச்சுத்தான்."

"மூணு வருஷமா," என்றாள் ஹில்யா. கோட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினாள். பேசுவதற்கென எழுதிவந்த பதின்மூன்று பக்கப் போர்முழக்கத்தைக் குர்தேஜ் மடித்துக் கோட்டுப்பையில் செருகினான். லிகாயா அவனைப் பார்த்தாள். அவன் லிகாயாவைப் பார்த்தான்.

அடுத்த வியாழன் காலை பதினொரு மணிக்கு, முதியோர் இல்லத்தின் தரைத்தளச் சன்னலோரம், பனிக்குவியல்களைப் பிளந்துகொண்டு இருவரையும் சுமந்து வந்து நின்றது டாக்சி வெண்பரி. செல்போன் பாட்டைக் கார் ரேடியோவுக்கு ஏற்றும், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கட்டைவிரலளவுக் கருவியே அன்று பேரொலிக் கோபுரம். இருபதடிச் சுற்றுவட்டமே அதன் பேரரசு. முந்தின நாள் கீழ்த்தளத்தில் ஹில்யா பேசிப் பதிந்த வானிலையும் மீன்விலையும் இரண்டு பழைய பாட்டுமே அதன் கருவூலம்.

"இன்னும் சன்னல் பக்கம் ஒதுக்குங்க பாஜி. பார்க்கிங்குக்கா செய்தி வாசிக்கிறோம்?"

"பனி மேடு இருக்கு லிகாயாஜி. எறங்கி நீங்க வேணா தள்ளுங்க."

லிகாயா இறங்கித் தள்ளினாள். உள்ளே ஹில்யா கணவரின் கட்டிலோரம் அமர்ந்து, ரேடியோவின் முள்ளை மயிரிழை மயிரிழையாய் நகர்த்த, இரைச்சற்கடல் பிளந்து, எண்டிசையும் அதிரவில்லை எனினும் அவ்வறையின் நான்கு மூலையும் நிறைய, தலைநகர் தாலினில் இன்று தூறல் என்று எழுந்தது தாய்மொழிப் பெருமுழக்கம்.

அவர் எழுந்து உட்கார்ந்து சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.