பிங்க் பஸ்ஸும் துபாய்க்காரனும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முகப்பில் பிங்க் பெயிண்ட் அடித்த டவுன் பஸ்ஸில் ஆண் ஏறினால் போலீஸ் பிடிக்கும் என்று நான் நம்பினேன். மனசார நம்பினேன், அதுவும் ஐம்பத்தொரு வயதில்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்தொன்பது வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக். அங்கே மெட்ரோவில் பெண்களுக்குத் தனி இடம். தரையில் பிங்க் கோடு. தூக்கக் கலக்கத்தில் அதைத் தாண்டிய என் ரூம்காரனுக்கு அபராதம் போட்டுவிட்டார்கள். அந்த ரசீதைச் சுற்றி நாங்கள் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றோம். அன்றிலிருந்து பிங்க்கைக் கண்டால் என் கால் தானாகப் பின்வாங்கும் (பஞ்சுமிட்டாயாக இருந்தாலும்).

வேலையை முடித்துக்கொண்டு அஞ்சுகிராமம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து நாலாவது நாள். என் மனைவி லீமாவுக்கு நாகர்கோவிலில் ஒரு தையல் கம்பெனியில் பதினொரு மணிக்குத் தேர்வு. ஒரு சட்டை தைத்துக் காட்ட வேண்டும். முன்பு இரண்டு முறை இப்படி வேலை வந்தும் விட்டுவிட்டாள். சம்பளத்தில் ஒரு பங்கை பஸ்ஸே தின்றுவிடும் என்று.

"இப்ப பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸு இலவசமாக்கும். இந்தத் தடவ விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எட்டரைக்கே கிளம்பிப் போனாள்.

சற்று நேரத்தில் சமையலறையில் அவள் போன் அடித்தது (மகள்தான், கல்லூரியிலிருந்து; எங்கள் ஸ்கூட்டரும் அவளிடம்தான்). போனுக்குப் பக்கத்தில் லீமாவின் மூக்குக்கண்ணாடி! அது இல்லாவிட்டால் அவளுக்கு ஊசியும் தெரியாது, ஊசி பிடித்த கையும் தெரியாது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு ஓடினேன். பஸ் வந்தது. பிங்க். மரியாதையாக இரண்டடி பின்னால் போய், முகத்தையும் திருப்பிக்கொண்டேன்.

"வாறீரா?" என்றார் கண்டக்டர்.

ஆளைச் சோதிக்கிறார் என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

அரை மணி கழித்து அடுத்தது. அதுவும் பிங்க். இந்த முறை எட்டிப் பார்த்தேன். உள்ளே நாலைந்து ஆண்கள்! அதற்கும் என் மூளை விளக்கம் வைத்திருந்தது: பிடிபட்டவர்கள். அபராதம் கட்டக் கொண்டுபோகிறார்கள்.

மணி பத்து. முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அக்கா வந்து நின்றார். கண்ணாடியை அவரிடம் நீட்டினேன்.

"அக்கா, இத நாகருகோயில்ல என் பெஞ்சாதிகிட்ட குடுத்திருவீங்களா?"

"ஒன் பெஞ்சாதிய எனக்கு எப்படி மக்கா தெரியும்?"

"கண்ணாடி இல்லாம நிப்பா."

"நாகருகோயில்ல பாதிப்பேரு கண்ணாடி இல்லாமத்தான் நிக்கான். காலையிலேயே குடிச்சிருக்கியா?"

அதற்குள் மூன்றாவது பிங்க் வந்துவிட்டது. மூன்றாவது வேலையும் லீமாவின் கையைவிட்டுப் போனால் அது என்னால் போனதாக இருக்கும். ஜெயிலே ஆனாலும் சரி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

"மன்னிக்கணும்! அவசரம்! பெஞ்சாதி கண்ணாடி! அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டுகேன்!"

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்துக்கு அண்ணாச்சி அபராதம்?"

"பொம்பளைங்க பஸ்ஸுல ஏறினதுக்கு."

"அப்போ நானும் டிரைவரும் சீலையா கட்டியிருக்கோம்?"

(இரண்டு பேருக்கும் நல்ல அடர்ந்த மீசை. காலையிலிருந்து இதை நான் யோசிக்கவேயில்லை.)

"அவங்களுக்குக் காசு வேண்டாம். ஒமக்கு வேணும். அவ்வளவுதான். எங்க போணும்?"

பஸ் குலுங்கியது ரோட்டினாலா சிரிப்பினாலா என்று தெரியவில்லை. முருங்கைக்காய் அக்காதான் இரக்கப்பட்டுப் பேச்சுக் கொடுத்தார். முன்பெல்லாம் காயை ஊருக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுப்பாராம். இப்போது நேரே சந்தைக்கு வந்து, தானே விலை சொல்கிறார். முன் சீட்டில் ஒரு மகள் தன் தாயைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். பிரஷர் மாத்திரை இப்போது ஒரு மாதமும் தவறுவதில்லையாம். துபாயில் ஆளே ஓட்டாத ரயிலைக் கண்டு வாய் பிளந்தவன் நான். ஜன்னல் கடகடவென்று ஆடும் இந்த பஸ்ஸில் உட்கார்ந்து அதைவிடப் பெரிதாகப் பிளந்தேன். அரசாங்கம் செய்த ஒரு காரியம் இத்தனை வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருக்கிறது. நானோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கம்பெனியில், கண்ணாடி வர ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். சொன்னேன். அத்தனை தையல் மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த ரூட்டில் எனக்கு இன்றும் பெயர் 'அபராத அண்ணாச்சி'. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் லீமா முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான்.

மற்றபடி அன்று நடந்தது இவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அதற்குள் லீமா பக்கத்து மெஷின்காரியிடம் ஊசி கோத்து வாங்கி, தடவித் தடவியே சட்டையில் பாதியைத் தைத்திருந்தாள். காலரையும் மிச்சத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு தைத்தாள். வேலை கிடைத்தது. தினமும் பிங்க் பஸ்ஸில் போய் வருகிறாள். நாங்கள் சேர்ந்து போகிற நாட்களில், எனக்கு டிக்கெட் எடுப்பது அவள்தான்.