மாக்ட்ரில் அண்ணனும் மூன்று ஓடுகளும்

காரக்கோணத்தை விட்டுப் பொழியூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ‘தீ’ என்று எழுதிய சிவப்பு வாளி, அதில் பாதி மணல். வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல; வாளியோடு போவதுதான் புதிது. தந்தவர் மாக்ட்ரில் அண்ணன். ஆபத்து எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருந்தவர், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை அவர் ஒருவர்தான்.

நான் மூட்டை சுமந்த அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில், அவர் வாட்ச்மேன். ஓட்டுக் கூரைக்கடியில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து கொட்டை தட்டுவார்கள். அண்ணன் போனில் வானிலை பார்த்து உடுத்துவார். மஞ்சள் அலர்ட்டுக்கு மஞ்சள் சட்டை, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. சிவப்புச் சட்டை இல்லாததால், ரெட் அலர்ட் அன்று மனைவியின் சிவப்பு நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பார்.

வாரம் ஒருமுறை மாக்ட்ரில், அதாவது ஆபத்து ஒத்திகை; அண்ணனுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். விசில் ஊதி, “ஓடு, ஓடு” என்று கத்துவார். அங்கேதான் பிழை. கூரையில் இருப்பதும் ஓடு, கொட்டையிலிருந்து விழுவதும் ஓடு. பாதிப் பேர் மேலே பார்ப்பார்கள். மீதிப் பேர் ஓட்டுக் கூடையை அவர் பக்கம் தள்ளுவார்கள்.

“எந்த ஓடு அண்ணா? தெளிவாச் சொல்லும்” என்பாள் பொழியூர்க் கடற்கரைக்காரி ரோஸ்லி. “எங்க முற்றத்தைக் கடல் கொண்டு போனப்பளே நான் ஓடல்ல. உம்ம விசிலுக்கா ஓடுவேன்?”

ஒருநாள் ஒத்திகையில் வறுத்துக்கொண்டிருந்த கொட்டை கருகிப்போயிற்று. முதலாளி வந்தார்.

“எடோ, இனி ஒரு தடவை ஆளுகள வெளிய எறக்கினா நீயும் கூடப் போயிரணும். திரும்பி வரண்டாம்.”

அண்ணனுக்கு முழங்கால் சரியில்லை. வேறு யாரும் வேலை தரமாட்டார்கள். விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

ஐப்பசியில் ஒரு முற்பகல். அலர்ட் எதுவும் இல்லை. அண்ணன் வெள்ளைச் சட்டை. திடீரென்று வீசிய காற்றில் எதிரே ரப்பர் தோட்டம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் கூரையின் நடு உத்திரம் முனகியது. எனக்கும் கேட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முதலாளியின் அறையைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்தார்.

“ஓடு, ஓடு.”

பாதிப் பேர் மேலே பார்த்தார்கள். ரோஸ்லி கூடையைத் தள்ளினாள். “இன்னைக்கு வெள்ளைச் சட்டையாக்கும். ஒண்ணும் வராது, இரியும்.”

அண்ணன் விசிலைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்.

“மக்களே, சாயா வந்தாச்சு. பழம்பொரியும் உண்டு. முதலாளி வகையாக்கும்.”

தேநீருக்கும் வாழைப்பழ பஜ்ஜிக்கும் மனிதர்கள் அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. கடைசி ஆள் முற்றத்துக்கு அப்பால் இருந்த கான்கிரீட் சாயாக்கடையை எட்டியபோது, பின்னால் கூரை மொத்தமும் உட்கார்ந்தது. முதலாளியும் சாயாக்கடையில்தான் நின்றார்; யார் தன் செலவில் பழம்பொரி கொடுப்பது என்று விசாரிக்க ஓடி வந்திருந்தார்.

தூசி அடங்கியதும் ரோஸ்லி தலைகளை எண்ணினாள். நாற்பது. இன்னொரு முறை எண்ணிவிட்டுக் கேட்டாள்: “பழம்பொரி எங்க அண்ணா?”

முதலாளி அண்ணனை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்வதற்கு உள்ளே என்று ஒன்று இல்லை. கூரை போடும்வரை எங்களுக்கு வேலை கிடையாது. அண்ணன் மட்டும் உடைந்த ஓடுகளுக்குக் காவல். கேட்டில் என்னை நிறுத்தி வாளியைத் தந்தார். “எலே, நீ போற எடத்துல இதெல்லாம் இருக்காது.”

மறுநாள் காலை பொழியூரில் ஐஸ் உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் கம்பெனிக்குத் தீ வாளியா என்று சிரித்தார்கள். நான் அதை வாசலில் தொங்கவிட்டுவிட்டு, வெளியே போக இன்னொரு வழி உண்டா என்று கேட்டேன்.