ரோக்கோவின் எஞ்சினில் தண்ணீர் வரவில்லை

"எதிர்த் தீவுல லூத்சியா அக்கா வீட்டுக்குப் போறேன்," என்று ஜூன் மாதத்தில் ரோக்கோவிடம் அவன் மனைவி பெரீனா சொன்னாள்.

"சரி. கப்பல் எட்டு மணிக்கு," என்றான் ரோக்கோ.

"எப்போ திரும்பி வரணும்னு சொல்ல மாட்டீங்களா?"

"உனக்கு எப்போ தோணுதோ அப்போ வா."

சண்டைக்குக் காரணம் மீன் சூப் வைக்கிற பாத்திரம். அதில் ரோக்கோ படகு எஞ்சினின் கார்புரேட்டரைப் போட்டு வேகவைத்திருந்தான். பெரீனா படகுப் பட்டறையில் வளர்ந்தவள். பாத்திரம் பாழானதைவிட, கார்புரேட்டரை இப்படியா சுத்தம் செய்வார்கள் என்பதில்தான் அவளுக்குக் கோபம் அதிகம்.

'அவளே வரட்டும்' என்று கோடை முழுக்க ரோக்கோ படகைத் தொடவில்லை. அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, லூத்சியா போன் செய்தாள். பெரீனாவுக்குத் தூரத்து த்ரியெஸ்தே நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. மறுநாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறாள்.

"ஏதாவது சொல்லணும்னா நேர்ல வந்து சொல்லு," என்றாள்.

ஞாயிறு மதியம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ரோக்கோ எஞ்சின் கயிற்றை இழுத்தான். உடனே உறுமியது. ஆனால் பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர் மட்டும் வரவில்லை. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் அது. அது இல்லாமல் ஓட்டினால், எதிர்த் தீவை அடைவதற்குள் எஞ்சின் வெந்துவிடும்.

கரையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஷிமே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணுக்குப் போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். சும்மா விடக் கூடாது!"

கரை முழுக்கச் சிரித்தது.

"சரி, வாங்க. என் படகுல கொண்டுபோய் விடறேன்."

"என் பெண்டாட்டியைப் பார்க்க உன் படகுல போவேனா?"

ரோக்கோ துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தினான். கம்பி உள்ளேயே முறிந்தது.

"இருந்தது ஒரு அடைப்பு. இப்போ ரெண்டு," என்றான் ஷிமே.

ரோக்கோ எஞ்சினைக் கழற்றிக் கரையில் கிடத்தி, அடிப்பகுதியைப் பிரித்தான். சட்டை கறுப்பானது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு கடலுக்குள் போயின. கடைசியில் தண்ணீர் பம்பைத் திறந்தான். தண்ணீரை உள்ளே இழுக்கிற ரப்பர் சக்கரத்தையே காணோம்.

"திருடன்!" என்று கத்தினான்.

"அதைப் போய் யாருண்ணே திருடுவா?"

"உன் எஞ்சினுக்கும் அதே அளவுதானே?"

ஷிமே காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீந்தியே போங்க," என்று சொல்லிவிட்டு, தன் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலைக் கப்பல் எப்போதோ போய்விட்டது; இனி ரோக்கோவை யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

போன் அடித்தது.

"எங்கே இருக்கே? இவ பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா," என்றாள் லூத்சியா.

"வர முடியல அக்கா. பம்புல இருந்த ரப்பர் சக்கரத்தை எவனோ திருடிட்டான்."

"இன்னிக்குத்தான் எஞ்சினையே கிளப்புறியா, ரோக்கோ?"

"ஆமா."

"அடப் பாவி! இவதான் அதைக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்தா; ஜூன்லேர்ந்து இவ கைப்பையிலதான் இருக்கு. மறுநாளே நீ இங்க வரக் கிளம்புவே, தண்ணி வரலைன்னு போன் பண்ணுவே, அந்தச் சாக்குலயாவது கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டே இருந்தாடா."

ரோக்கோ கரைக் கல்லில் உட்கார்ந்தான். எத்தனை சாயங்காலங்கள் இதே கல்லில் உட்கார்ந்து, தார்ப்பாய் மூடிய அந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்! ஒரே ஒரு தடவை கயிற்றை இழுத்திருந்தால் போதும்.

"போனை அவகிட்ட குடு."

மறுமுனையில் அவள் மூச்சு கேட்டது. கரையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும்.

"பெரீனா... நீ இல்லாம முடியல. வீட்டுக்கு வந்துடு."