குழந்தைக்காக ஒரு ஜோடி எலி

பிள்ளைக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராத தகப்பன்மார் உண்டு. அவர்களைத் திட்டுவதற்கு ஊர் இருக்கிறது. கேட்டதையெல்லாம் வாங்கித் தந்து கெடுக்கிற தகப்பன்மாரும் உண்டு. அவர்களைத் திட்ட உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராமல், யாருடைய திட்டும் படாமல், பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நடுவில் நெஞ்சை நிமிர்த்திப் போகிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவர்தான் 'குழந்தைக்காக' வாங்குகிறவர்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். பீரோ மேல் பிளாஸ்டிக் உறை கழற்றாத மூன்று சக்கர சைக்கிள் நிற்கும். கண்ணாடி அலமாரிக்குள், நிமிர்த்தினால் கண் திறக்கும் பொம்மை, யாரும் நிமிர்த்தாததால் வாங்கிய நாள் முதல் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் கால்மாட்டில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் இருக்கும். ரயிலின் சாவியும் அலமாரியின் சாவியும் ஒரே வளையத்தில் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். "கொழந்தைக்குத்தான்! வேற யாருக்கு?" என்பார். குழந்தை எங்கே? பொம்மை வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் தள்ளிக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்.

பாகூர் தணிகைவேல் இந்த ரகத்தில் கலப்படமில்லாத விதை. எழுபதுகளின் தொடக்கத்தில் தவளக்குப்பம் சந்திப்பில் உரக்கடை வைத்து, நாலு பேர் மதிக்கும்படி இருந்தார். ஒரே மகள் தேன்மொழி. ஐந்து வயது. கூட விளையாட அண்ணன் தம்பி கிடையாது. ஒருநாள் அவள் அவரது வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உசுரோட இருக்கறது எதுனா வாங்கிக் குடுப்பா. மடியில வெச்சிக்கணும்."

தாய் அம்சவள்ளி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "எதிர் வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குங்க. கேட்டா ஒண்ணு குடுப்பாங்க."

"ஆட்டுக்குட்டியா? ஆட்டுக்குட்டி எவன் வூட்டுலடி இல்ல?"

பிராணி வாங்குவதில் இந்த ரகத்தார் பார்க்கிற பொருத்தம் ஒன்றே ஒன்று. அது வேறு எவன் வீட்டிலும் இருக்கக் கூடாது.

ஆகவே, அப்பாவும் மகளும் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே புறாக்காரனுக்கும் கிளிக்காரனுக்கும் நடுவில், கம்பிக் கூண்டில் வெள்ளை எலிகள். தேன்மொழி கூண்டுக்குள் கையை விட்டதும் ஒன்று ஓடி வந்து உள்ளங்கையில் ஏறி, மோந்து பார்த்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் மூச்சுகூட விடவில்லை. "இதுப்பா. இதுதான்" என்றாள் மெதுவாக.

அப்படியெல்லாம் வாங்கிவிட முடியுமா? தணிகைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகனுக்குப் பெண் பார்க்கப் போனவர் போல ஒவ்வொன்றாக வாலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார். கடைசியில், "இதுங்களுக்குப் பூர்வீகம் எது?" என்றார். எலிக்காரன் ஆளை எடை போட்டு, "பிரான்சுங்க" என்றான். பேரம் அத்தோடு முடிந்தது. உள்ளங்கையில் உட்கார்ந்ததைக் காது ஓரம் கிழிந்திருக்கிறது என்று தள்ளிவிட்டு, மூலையில் அசையாமல் கிடந்த இரண்டைப் பொறுக்கினார். "பாரு, எவ்ளோ அடக்கமா இருக்குதுங்க!" அசையாமல் இருப்பதுதானே அவர் வீட்டில் எல்லாப் பொருளுக்கும் இலக்கணம்!

கூண்டு தேக்கில் தயாரானது. முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பிவலை, உள்ளே பித்தளைக் கிண்ணம். பீரோ மேலிருந்த சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்திக் கூண்டை அங்கே ஏற்றினார். குழந்தை தொட்டால் எலி செத்துப்போகும். எலி தொட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். எனவே இருவரும் தொட்டுக்கொள்ளக் கூடாது. "பிராணி வளத்தாதான்டி பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரும்" என்று அம்சவள்ளிக்குப் பாடமும் நடத்தினார். பொறுப்பு நியாயமாகவே பங்கிடப்பட்டது. பேர் வைப்பது அவர். நாற்றம் தாங்காமல் கூண்டைக் கழுவுவது அம்சவள்ளி. கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பது குழந்தை.

விருந்தாளி வந்தால் மட்டும் குழந்தைக்கு ஸ்டூல் உண்டு. அதில் ஏறி நின்று ஒப்பிக்க வேண்டும்: "இது வெள்ளை எலி. இதன் நாடு பிரான்சு. இதைத் தொடக் கூடாது." கைதட்டல். ஸ்டூல் உடனே உள்ளே போய்விடும்.

பக்கத்துக் கடை மைதீன் பிச்சை ஒருநாள் வந்தவர், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, இத மடியில வெச்சிக்கினு வெளையாடுவியா?"

"இது அப்பாவுது மாமா" என்றாள் தேன்மொழி.

மைதீன் பிச்சை தணிகைவேலைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே கூசிப் போயிருப்பார். தணிகைவேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாத்தீங்களா பாய்? கொழந்தைக்கு அப்பான்னா உசுரு!"

அறுப்பு வந்தது. வயலில் வரப்பை வெட்டி, பேரில் மட்டும் வெள்ளையான பழுப்பு வயலெலியை, வெள்ளெலியை, பிடிக்கிற காலம். பாகூர் பக்கத்தில் அதைக் குழம்பு வைப்பார்களே தவிர, கூண்டில் வைத்து யாரும் பார்த்ததில்லை. அறுப்புக்கு வந்த செல்லக்கண்ணு, கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டியைத் தேன்மொழி கையில் வைத்து, "வெச்சிக்கோ பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குட்டி, பொம்மை வந்த அட்டைப்பெட்டியில் குடியேறியது. பாலில் நனைத்த துணியைச் சப்பியது, பிறகு மல்லாக்கொட்டை கொறித்தது, பாவாடை மடிப்பில் சுருண்டு தூங்கியது. அம்சவள்ளிக்குத் தெரியும். பால் தந்ததே அவள்தான்.

தணிகைவேல் ஒரு மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். மகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டுத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். பழுப்பு நிற வெள்ளெலி அவள் தோளிலிருந்து கைக்கு இறங்கி, கொட்டையை வாங்கிக்கொண்டு மறுபடி தோளுக்கு ஏறியது.

நீங்கள் நல்லவர். இந்த இடத்தில் தகப்பன் மனம் உருகும் என்று எதிர்பார்ப்பீர்கள். உருகத்தான் செய்தது. "அடடா, இன்னாமா பழகியிருக்குது! இதப் போயி அட்டப்பொட்டியில வெக்கலாமா?" என்று லாவகமாகப் பிடித்து, நேரே கொண்டுபோய்ப் பீரோ மேலிருந்த தேக்குக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"அப்பா! அது என்னுதுப்பா!" தேன்மொழி தரையில் புரண்டு அழுதாள்.

"உன்னுதுதான்டி கண்ணு. அதனாலதான் மேல வெக்கறேன்."

வயலில் பிறந்த பல்லுக்குத் தேக்கும் ஒன்றுதான், வேம்பும் ஒன்றுதான். விடிந்து பார்த்தால் கூண்டின் மூலையில் ஓட்டை. வெள்ளெலி இல்லை, பிரான்சு தேசத்து அடக்கமானவையும் இல்லை. தணிகைவேல் ஆசாரியைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், அம்சவள்ளியைத் திட்டினார். எல்லாரையும் திட்டி முடித்த பிறகுதான் குழந்தையின் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அழுவாத கண்ணு. உனுக்கோசரம் அப்பா சீமைக் கிளி வாங்கியாறேன். இரும்புக் கூண்டு! எதுவும் கடிக்க முடியாது."

தேன்மொழி அழவேயில்லை. முந்தின நாளோடு அதை முடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கூண்டு பொட்டியில வெச்சித்தான வரும்?" என்றாள்.

"ஆமா."

"பெரிய பொட்டியாப்பா?"

தணிகைவேலுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பாருங்கள், குழந்தைக்குத்தான் எவ்வளவு ஆசை!

சீ, இப்படியும் ஒரு ஆளா என்று பக்கத்தை மூடுகிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்து போய் உங்கள் வீட்டு அலமாரியை ஒரு தடவை பாருங்கள். பொம்மை விழித்திருக்கிறதா, தூங்குகிறதா? சாவி எங்கே? சட்டைப்பையைத் தடவிப் பார்த்து முகம் சிவக்க வேண்டாம். எங்களுக்குத் தெரியும், நீங்கள் அதைக் குழந்தைக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள்.