தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுத் தெருக்களின் தண்ணீர் நேரம்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, பதினோரு வருடங்களாக ஒரே ஒரு கேள்விக்கு டெலிபோனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் ஓர் எழுத்தர். "சார், எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?" இதுதான் கேள்வி. அதனால் ஊரே அவரைத் தண்ணி சார் என்று கூப்பிட்டது. புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அதற்கு அவர் பொறுப்பல்ல.

அவர் பொறுப்பில் இருந்தவை பன்னிரண்டு தெருக்கள். அவர் குடியிருந்த தெருவும் அதில் ஒன்று. தெருவுக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு கோப்புகள் வைத்திருந்தார். வண்ணமா, படமா, ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்து. கிழமை, நேரம், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் வால்வுக்காரர் வால்வைத் திறப்பார்.

தண்ணி சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. டெலிபோன் அடிக்காமல் ஒரு நாளாவது மதியச் சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பேராசை இல்லை பாருங்கள். இந்தப் பன்னிரண்டு கோப்பையும் வெப்சைட்டாகப் போட்டுவிட்டால் யார் போன் செய்யப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கணினிப் பிரிவு அம்மாவிடம் போய்க் கேட்டார்.

"அரை நாள் வேலை சார்," என்றார் அந்தம்மா. "எழுத்துக் கோப்பைக் கொடுத்தா பக்கமாக் கட்டித் தர்ற கருவிங்க இலவசமாவே கிடைக்குது. எதை எடுத்தாலும் சரிதான்."

எதை எடுத்தாலும் சரிதான் என்பது ஓர் அலுவலகத்தில் சொல்லக் கூடாத வார்த்தை. அது நேராகப் பெரிய அதிகாரியின் காதுக்குப் போயிற்று. இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"மொத்தம் எத்தனை கருவி இருக்கு?"

"நானூறுக்குக் குறையாது சார்."

"ஒண்ணை எடுத்தா, மீதி முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதை ஏன் எடுக்கலைன்னு தணிக்கையில கேப்பாங்க. நீங்க பதில் சொல்வீங்களா?"

அந்தம்மா பதில் சொல்ல மாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகவே 'எழுத்துக் கோப்புகளிலிருந்து இணையதளம் கட்டுவதற்கான கருவித் தெரிவுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. அதிகாரியின் மருமகன் சிறப்பு அழைப்பாளர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றும், வேலைக்குப் போகத்தான் நேரமில்லை என்றும் மாமனாரே சொல்வார்.

குழு வியாழக்கிழமைதோறும் கூடியது. அந்தம்மா ஒரு கருவியின் பெயரைச் சொல்வார். மருமகன் முகத்தைச் சுளிப்பார்.

"மாமா, இதெல்லாம் போன வருஷம். இப்ப வச்சிருக்கோம்னு வெளியில சொன்னாச் சிரிப்பாங்க."

அது தள்ளுபடி. ஒருநாள் அவரே உற்சாகமாக ஒரு கருவியைக் கொண்டுவந்தார். "முந்தாநாள்தான் வந்தது. ஊரெல்லாம் இதைத்தான் கொண்டாடறாங்க."

"இதை வச்சு யாராவது வெப்சைட் செஞ்சிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார் தண்ணி சார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க, நூத்துக்கணக்குல இருக்கு."

"அதுல என்ன போட்டிருக்காங்க?"

"பழைய கருவியை விட்டுட்டு இதுக்கு ஏன் மாறினோம்னு விளக்கமா எழுதியிருக்காங்க."

"வேற?"

"வேற என்ன எழுதணும்?"

குழு அந்தக் கருவியை ஏற்றுக்கொண்டு கூட்டக் குறிப்பில் எழுதியது. ஆனால் அடுத்த வியாழனுக்குள் அந்தக் கருவியும் பழசாகிவிட்டது.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. டெலிபோனும் ஓயவில்லை, சாப்பாடும் சூடாக உள்ளே போகவில்லை. கடைசியில் இரண்டே கருவிகள் மிஞ்சின. ஒன்று ஆயிரம் பக்கத்தை ஒரு நொடியில் கட்டும், மற்றது இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும்.

"நம்மகிட்ட இருக்கிறதே பன்னிரண்டு பக்கம்தானே சார்," என்றார் தண்ணி சார், பொறுக்க முடியாமல்.

"தொலைநோக்குங்கிறதே உங்ககிட்ட இல்லை," என்றார் அதிகாரி. "ஆயிரம் தெருவை வச்சுப் பரிசோதிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

"மீதித் தெருவுக்கு நான் எங்க சார் போறது?"

"எங்கயும் போக வேண்டாம். உட்கார்ந்து டைப் அடிங்க."

அடித்தார். பதின்மூன்றாம் தெரு, பதினான்காம் தெரு என்று ஆரம்பித்தார். இல்லாத தெருவுக்கு என்ன நேரம் போடுவது? முதலில் பழக்க தோஷத்தில் காலை ஆறு முதல் ஏழு என்று போட்டார். நூறைத் தாண்டியதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. சே, இல்லாத தெருவுக்குக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்? இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் என்று அள்ளிக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வேலையில் சந்தோஷம் வந்தது. அறுநூற்றுப் பதினாலாம் தெருவுக்கு வந்தபோது கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, 'பிரஷரும் நன்றாக இருக்கும்' என்று ஒரு வரி சேர்த்தார்.

பரிசோதனை ஒரே நொடியில் முடிந்தது. அதிகாரி கைதட்டினார். அந்தம்மா பொய்த் தெருக்களை நீக்கப் போனார்.

"தொடாதீங்க! பரிசோதிச்சது ஆயிரம் தெரு. ஒண்ணை எடுத்தாலும் அது பரிசோதிக்காத வெப்சைட் ஆயிடும்."

ஆயிரமும் வெளியாயிற்று. உண்மைத் தெருக்காரர்கள் கூட்டத்தில் தங்கள் தெருவைத் தேடிக் களைத்துப்போய், எப்போதும்போல் போன் செய்து திட்டினார்கள். ஒரே மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆயிரம் தெருக்களில் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டிலிருந்து ஒரு புகார்கூட வராதது துறையின் வரலாற்றிலேயே இல்லாத சாதனையாம். கேடயமும் வந்தது. அதிகாரிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் ஒரு சிறு உறுத்தல்.

"இந்தப் பன்னிரண்டு தெரு மட்டும் ஏன் புகார் பண்ணிக்கிட்டே இருக்கு?"

"அங்கதான் சார் ஆளுங்க இருக்காங்க."

அதிகாரி நெடுநேரம் யோசித்தார். "அப்ப அந்தப் பன்னிரண்டையும் எடுத்துடுங்க."

"எடுத்தா, பரிசோதிக்காத வெப்சைட்..." என்று அந்தம்மா இழுத்தார்.

"கேடயம் வந்த பிறகு எதுக்கும்மா பரிசோதனை?"

எடுத்தாயிற்று. பட்டியலில் இல்லாதவர்களின் புகார் புகாராகாது என்பதால், புகாரே இல்லாத அலுவலகத்துக்கு டெலிபோன் வீண் செலவு என்று அதையும் துண்டித்தார்கள். வால்வுகளை இனி இணையதளத்தில் உள்ளபடி மட்டுமே திறக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள்.

வால்வுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இல்லாத தெருவுக்குத் திறக்க வால்வு இல்ல, இருக்கிற தெருவுக்குத் திறக்க உத்தரவு இல்ல. நான் என்னதான் சார் பண்ணட்டும்?"

"நான் சொல்லி இங்க எது நடந்திருக்கு?" என்றார் தண்ணி சார். வால்வுக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மதியம். டெலிபோன் இல்லை. தண்ணி சார் ஓட்டலில் வாங்கிய சாப்பாட்டைத் திறந்தார். ஆவி பறந்தது. முதல் வாய் வைத்ததும் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, மூணு நாளா வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களும் காலி பண்றாங்க. உங்க ஆபீஸ் வெப்சைட்டைப் பார்த்தேன். அறுநூத்திப் பதினாலாம் தெருவுல நாள் பூரா தண்ணி வருதாமே! பிரஷர்கூட நல்லா இருக்குமாம். தரகருக்குப் போன் போட்டேன். நம்ம தெருவே அங்கதான் வீடு பாக்குதாம். ரெண்டே வீடுதான் பாக்கியாம், உடனே சொல்லச் சொன்னார். என்ன சொல்லட்டும்?"

அந்தத் தெருவை டைப் அடித்தது இந்த விரல்கள்தான். தண்ணி சார் அவற்றைப் பார்த்தார். குளித்து மூன்று நாளாகியிருந்ததால் உடம்பெல்லாம் அரித்தது.

"மாடி வீடா, கீழ் வீடா?" என்று கேட்டார்.